ஊசி குத்திய மாப்பிள்ளை

“போன கிழமை வந்தவனை வடிவாப் பாத்தனியே? கையில ஊசி குத்தின அடையாளம். சேட்டில புகை மணம். இன்னும் என்ன சாட்சி வேணும் உனக்கு?”

நமசிவாயம் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு மனைவி பாலேஸ்வரியை முறைத்தார். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். அவர் வாயைத் திறந்தால் வெள்ளவத்தைக் கடற்கரை ரயிலே வெட்கப்படும்.

மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை அபிஷனை இரண்டு மாதமாக விசாரிக்கிறார். சாதகம் சரி, வேலை சரி, அயலட்டை சொன்னதும் சரி. சனிக்கிழமைகளில் பையன் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிப்படி ஏறுவதுதான் சரியில்லை.

“போதைத் தூள் அடிக்கிறான். கலியாணத்தை நிப்பாட்டப்போறன்.”

“அப்பா, அவர் அப்பிடிப்பட்டவர் இல்லை...”

“நீ சாப்பிடு!”

சாமினி சாப்பிடவில்லை. அப்பா விசாரணையை விரித்தால் அவள் கோப்பை எப்போதும் பாதியில் நின்றுவிடும். கிளாசுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.

அன்றும் சனிக்கிழமை. ஒரு மணித்தியாலத்தில் நமசிவாயம் கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவில் போய் இறங்கி, அந்த மாடியேறிக் கதவைத் தள்ளினார். உள்ளே ஒரே புகை. கட்டிலில் அபிஷன், கையிலும் வயிற்றிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசிகள். எரிகிற மூலிகைக் குச்சி ஒன்றைத் தோலில் படாமல் அவன் தொப்புளுக்கு மேலே பிடித்தபடி ஒரு பெண்.

“ஓகோ! தூள் அடிக்க நேர்ஸும் வேணுமோ?”

“நான் டொக்டர் ஷிஹாரா. இது அக்குபங்சர். இவருக்குச் சாப்பிட்டா வயிறு ஊதும், நோகும். ஸ்கான் எடுத்து, கமரா விட்டுப் பாத்து, எல்லாம் கிளியர். குடல்ல புண் இல்ல, அது வேலை செய்யிற விதத்திலதான் பிழை. ஊசியும் இந்தச் சூடும் சில பேருக்கு உதவும். என்ன, ஆராவது பதட்டப்படுத்தினா திரும்பவும் தொடங்கும்.”

“ஆர் இவனைப் பதட்டப்படுத்துறது?” என்று நமசிவாயம் கர்ஜித்தார். ஊசிகள் எல்லாம் ஒருமுறை ஆடி நின்றன.

அவருக்குப் பெரிய ஏமாற்றம். தூள்காரனைப் பிடிக்க வந்தவரிடம் அகப்பட்டது வெறும் வயிற்றுக்காரன். அதற்காக வெறுங்கையோடு திரும்புகிற ஆளா அவர்?

“அங்கிள், இதுக்காகக் கலியாணத்தைக் குழப்பாதேங்கோ.”

“வயித்து வருத்தத்தை ஒளிச்சவனுக்குப் பொம்பிளை இல்லை! எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இப்பிடி ஒரு வயிறு இல்லை, தெரியுமோ? ஆர் உனக்கு இந்த இடத்தைக் காட்டினது?”

அபிஷன் பக்கத்துக் கட்டிலை மறைத்திருந்த திரையைப் பரிதாபமாகப் பார்த்தான்.

திரைக்குப் பின்னாலிருந்து சாமினியின் குரல் வந்தது.

“மெல்லக் கதையுங்கோ அப்பா. இப்பதான் என்ர வயிறு அடங்கினது.”