மழைக்கு ஓர் எதுகை

மேகம் கூடிவிட்டது. கரையில் முப்பத்திரண்டு தவளைகள் காத்திருந்தன. பாட்டில்லாமல் மழையை வரவேற்றால் குளத்துக்கே அவமானம். பாட்டுக் கட்டும் தவளையிடமோ ‘மழையே மழையே வா’ என்ற முதலடி மட்டும்தான் இருந்தது.

“அடுத்த அடிக்கு ‘வாழை நனைய வா’ சரியா?” என்று ஏழாவது முறையாகப் பக்கத்து நத்தையிடம் கேட்டது.

“‘ம’ குறில், ‘வா’ நெடில். ஒட்டாது அண்ணே.”

“‘தழை துளிர்க்க வா’?”

“இங்கிருந்த தழையை நேற்றே நான் தின்றுவிட்டேன். பாட்டில் பொய் வேண்டாம்.”

“‘பிழை பொறுத்து வா’?”

“நாம் என்ன பிழை செய்தோம்?”

“இதோடு ஒன்பது சொல் தள்ளிவிட்டாய். நீயே ஒன்று சொல்லேன்.”

“எனக்கு ஒட்டுமா ஒட்டாதா என்று பார்க்கத்தான் தெரியும்” என்று நத்தை நகர்ந்தது. அது போன வழியில் பாறைமேல் மெல்லிய வெள்ளிக் கோடு மின்னியது. தவளை அதையே பார்த்தது. பிறகு விரல்விட்டு எண்ணியது.

“‘இழையாய் இறங்கி வா’.”

நத்தை நின்றது. இடி இடித்தது. முப்பத்திரண்டு வாய்களும் திறந்தன. தவளை அவற்றைக் கையமர்த்திவிட்டு, நத்தை மெல்லத் திரும்பி முகம் காட்டும்வரை பொறுத்திருந்தது.

“ஒட்டுகிறது அண்ணே.”

அதன் பிறகுதான் பாட்டு தொடங்கியது.