நாலு விரல்

பணக்காரன் ஆவதற்குக் கை குட்டையாக இருக்க வேண்டும் என்ற பேருண்மையை உலகிலேயே முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். பேருந்து நிலைய வாசலில் பூ விற்று என்னை பி.காம். படிக்கவைக்கும் சுகந்தி அக்காவிடம் அதை விளக்கினேன். அவள் விரல் நுனியிலிருந்து முழங்கைவரை சரத்தை அளந்து, அதற்கு மேலும் நாலு விரல் விட்டுத்தான் நறுக்குவாள்.

"முழங்கைக்கு முன்னாடியே நறுக்குக்கா. ரெண்டே வருசத்துல மாடி வீடு."

"உனக்கு மூளைய அப்படித்தான் அளந்து வச்சிருக்காங்க போல" என்றாள்.

மறுவாரம் அவளுக்குக் காய்ச்சல். கடையில் நான் உட்கார்ந்தேன். முகூர்த்த நாள், மல்லிகை விலை உச்சத்தில். என் கொள்கையை நிரூபிக்க இதைவிட நல்ல நாள் வாய்க்காது. முதலில் வந்த நர்ஸம்மா இரண்டு முழம் கேட்டுவிட்டு, பேருந்து வருகிறதா என்று திரும்பிக்கொண்டார்.

"அளவு பாக்கலையா மேடம்?"

"சுகந்தி கடையில யாருப்பா அளவு பாக்குறா? உன் ஃபீஸுக்குன்னுதான் எங்க வார்டே இங்க வாங்குது."

சரம் என் முழங்கைக்கு வந்து சேர்ந்தது. அவர் இன்னும் திரும்பவில்லை. அதற்கு மேலும் நாலு விரல் தள்ளிப் பிடித்தேன். இரண்டாவது முழத்தில் அது ஐந்து விரலாகிவிட்டது.