பீப்பாச் சீதனம்

"கையை இழுக்காதையும், தம்பி. மந்திரம் முடியுமட்டும் பிடியும்."

றோஸ் மாமி சொன்னதும் நடராசா உள்ளங்கையை மறுபடியும் இரும்புப் பீப்பாவின் மேல் நீட்டினான். அடியில் சிரட்டைக்கரி கனன்றுகொண்டிருந்தது. அடுக்க வேண்டிய ஆறு அறக்குளா மீன் துண்டுகள் உப்புப் பிடித்துப் பக்கத்துச் சுளகில் காத்துக் கிடந்தன.

கரையூரில் புகை போட்ட மீன் என்றால் அது றோஸ் மாமியின் மீன்தான். வாடிவீட்டில் தங்கும் துரைமார்கூட ஆள் அனுப்பி வாங்குவார்கள். சூடு பார்க்க மாமியிடம் இருந்த ஒரே கருவி உள்ளங்கை. கரிக்கு மேலே கையைப் பிடித்துக்கொண்டு, மாதாவின் அருள் நிறைந்த மந்திரத்தை ஒருமுறை சொல்ல வேண்டும். முடியும்வரை கை தாங்கினால் சூடு சரி. இடையிலேயே சுட்டால் கரியைச் சாம்பலால் மூட வேண்டும். முடிந்த பிறகும் சுகமாக இருந்தால் கீழ் ஓட்டையைத் திறந்து காற்று விட வேண்டும். இதை மாமி ஒளித்ததே இல்லை, கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். என்றாலும் மற்றவர்கள் போட்ட மீன் கருகியது. எல்லாம் மாமியின் பக்தி என்று ஊர் பேசிக்கொண்டது.

புருசன் கடலோடு போன பிறகு அந்தப் பீப்பாதான் வீட்டுக்குச் சோறு போட்டது. ஆகவே ஒரே மகள் அற்புதராணிக்குச் சீதனமும் அதுதான் என்று மாமி முடிவு கட்டிவிட்டாள். பெண் கேட்டு வருகிறவர் ஒரு தட்டு மீனைக் கருகாமல் இறக்கிக் காட்ட வேண்டும். இதற்கு முன் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மாதா கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. மற்றவர் குருமடத்தில் மூன்று வருடம் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். இருவரும் மந்திரத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லி, மீனைக் கரியாக்கிவிட்டுப் போனார்கள்.

நடராசாவின் சங்கடம் வேறு. அவனுக்கு அந்த மந்திரமே தெரியாது.

அவன் உடுவில் ஊர்ச் சைவப் பையன், பெரியகடையில் சைக்கிள் திருத்துபவன். பூசைக்குப் போகும் அற்புதராணியைப் பார்த்தே ஒரு வருடத்தை ஓட்டியவன். அவளுக்கும் அவனைப் பிடித்துப் போயிற்று. ஆனால் கிறிஸ்தவ வேதக்காரன் அல்லாத மாப்பிள்ளையை அம்மா படலைக்குள்ளும் விடமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவளே அவனுக்குக் கனிசியஸ் என்று பெயர் வைத்தாள். ஊர் மன்னார் என்று சொல்லச் சொன்னாள், சிலுவை போடப் பழக்கினாள். ஞானஸ்நானச் சீட்டைச் சுவாமியார் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது அவளுடைய துணிச்சல். மீன் தின்ன மட்டும் அவனைப் பழக்க வேண்டியிருக்கவில்லை. மந்திரத்தை அடுத்த கிழமை சொல்லித் தருவதாக இருந்தாள். அதற்குள் மாமி கூப்பிட்டனுப்பிவிட்டாள்.

கரிக்கு மேல் கையை நீட்டியவனுக்கு வியர்த்துக் கொட்டியது. சும்மா உதட்டை அசைக்கலாம்தான், ஆனால் எவ்வளவு நேரம் அசைப்பது? சின்ன வயதிலிருந்து தினமும் சொன்ன ஒரு தேவாரம் தானாகவே வாய்க்கு வந்தது. சத்தம் வெளியே வராமல், பண்ணோடு இழுத்துச் சொல்லிப் பார்த்தான். மூன்றாம் அடிக்கு மேல் கை நிற்கவில்லை. சாம்பல் தூவினான். மறுபடி சொன்னான். நாலடியும் முடியும்வரை கை தாங்கியதும் மீனை அடுக்கி, நனைத்த தேங்காய்ப் பொச்சுத் துண்டுகளைக் கரியில் போட்டு, ஈரச்சாக்கால் மூடினான்.

பதினொரு மணிக்குக் கடற்காற்று எழும்பியது. கரி சிவந்தது. கீழ் ஓட்டையைப் பழந்துணியால் அடைத்து, சாக்கை ஒரு பக்கம் தூக்கி, கையை நீட்டித் திரும்பவும் அதே தேவாரம். மாமி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். அற்புதராணி குசினி வாசலில் செபமாலை உருட்டிக்கொண்டு நின்றாள். அந்த வளவில் சரியான மந்திரம் சொன்னது அவள் ஒருத்திதான்.

மத்தியானம் சாக்கை எடுத்தபோது மீன் தேன் நிறத்தில் இருந்தது. ஓரம்கூடக் கருகவில்லை. அற்புதராணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாமி ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். சந்தோசப்படுவாள் என்று பார்த்தால், அவள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. மகளைத் தண்ணீர் அள்ளி வரச் சொல்லிக் கிணற்றடிக்கு அனுப்பினாள். பிறகு நடராசாவுக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"உண்மையைச் சொல்லும், தம்பி. என்ன மந்திரம் சொன்னனீர்?"

"அருள் நிறைந்த மந்திரம்தான், மாமி."

"அதைச் சொன்னால் மீன் கருகும். உந்தச் சூட்டுக்கு அது நீளம் காணாது, சுருக்கா முடிஞ்சிடும்."

இனி ஒளித்துப் பயனில்லை என்று அவனுக்கு விளங்கியது. பெயர் நடராசா, ஊர் உடுவில், சொன்னது தேவாரம் என்று ஒரே மூச்சில் ஒப்புவித்தான். அற்புதராணியில் பிழை இல்லை, ஏசுவதென்றால் தன்னை ஏசச் சொன்னான். அவளை இனிப் பார்க்கவே முடியாது என்று நினைத்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

மாமி கிணற்றடிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மகள் இன்னும் வாளியை இறக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"அழாதையும், மாப்பிளை. அருள் நிறைந்த மந்திரம் எண்டது நான் ஊருக்குச் சொல்லுறது," என்றாள் மாமி. "இருபத்தைஞ்சு வருசமா நானும் உந்தக் கரிக்கு மேலை தேவாரம்தான் சொல்லுறன். இணுவிலிலை நல்லம்மாவா இருக்கேக்கை பழகினது, றோஸ் ஆன பிறகும் வாயை விட்டுப் போகேல்லை."