ஆறு டன் கூரை

“பக்கத்து மண்டபத்துக்கு ஒம்போது டன் இரும்பு போட்டாங்கோ. நீ ஆறுன்ற?” புத்தூரில் எழும்பிக்கொண்டிருந்த தன் கல்யாண மண்டபத்தின் கூரை வரைபடத்தைத் தள்ளி வைத்தார் சடகோபன்.

“கூரையைத் தாங்குற ட்ரஸ்ஸோட உயரத்தைக் கூட்டியிருக்கேன் சார். அதான் இரும்பு கொறஞ்சிது. பலம் கொறயல,” என்றாள் இன்ஜினீயர் மோகனப்ரியா.

“ஒம்போதே போடு.”

“மாட்டேன் சார். மூணு டன் வீண் பாரத்தைத் தூண் எதுக்குச் சுமக்கணும்?”

“உனக்கின்னாம்மா, படத்தைக் குடுத்துட்டுத் திருப்பதிக்குப் பூடுவ. தை மாசம் மொத முகூர்த்தத்துக்கே ஆயிரம் பேர் அதுங்கீழ உக்காந்துகினு இருப்பாங்கோ.”

“நானும் இருப்பேன் சார்.”

“எங்க, பந்தியிலயா?”

“மணவறையில. அன்னிக்கு மண்டபத்தை புக் பண்ணதே எங்க நைனாதான்.”