தாரணியின் தறிக்குழி

புதிய நெசவுக்கூடத்தின் வரைபடம் சுவரில் ஒளிர்ந்ததும், ஜமக்காளம் நெய்யும் பன்னிரண்டு பேரும் அவரவர் தறியைத்தான் தேடினார்கள். ஒரு மாதம் முழுக்கக் காலில் அசைவை அளக்கும் பட்டை கட்டிக்கொண்டு நெய்திருந்தார்கள். அந்தப் பட்டைகள் சொன்னதை வைத்துத்தான் இயந்திரம் கட்டடத்தை வரைந்திருந்தது. கால்களைத் தொங்கவிட்டு மிதிக்கும் தறிக்குழி, நெட்டையானவருக்கு ஆழமாகவும் குட்டையானவருக்கு ஆழம் குறைவாகவும் அமைந்திருந்தது.

தாரணியின் தறிக்கு மட்டும் குழியே இல்லை. வெறும் தரை. வாசலிலிருந்து அதுவரை படியில்லாமல் ஒரு சரிவுப் பாதை.

"ஏனுங்க தம்பி, நான் காலை எங்க உடறது? என்ர குழியை மறந்துட்டீங்களாட்ட இருக்குது," என்று சிரித்தாள்.

இன்ஜினியர் முகில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அவனும் அதை அப்போதுதான் கவனிக்கிறான்.

"மெஷின் மறக்காதுங்கக்கா," என்றான் மெதுவாக. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துரலாங்க."

தாரணி குனிந்து இடது காலைப் பார்த்தாள். ஆடியிலிருந்தே அந்தக் காலில் செருப்பு நழுவிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு முறை செருப்பைத்தான் மாற்றியிருந்தாள்.

"இது எத்தனை வருசத்துக்குப் போட்ட பிளானுங்க?"

"முப்பது வருசத்துக்குங்க."

"என்ர காலு எப்ப நிக்கும்னு சொல்லுதுங்களா?"

"இல்லீங்கக்கா."

அவள் எழுந்துபோய், சுவரில் தெரிந்த அந்த வெறுந்தரையின்மேல் விரலை வைத்தாள்.

"சரிவு இருக்கட்டும். குழியையும் வெட்டுங்க. மூடறது ஒரு நாள் வேலைதானுங்களே."