மூன்று விரல்

"உந்தக் கையை எடுங்கோ தம்பி! கண்கட்டியைப் பிதுக்கினால் உள்ளுக்குள்ளைதான் பரவும்."

ஞானமலர் அதட்டினாள். குறொன்லாண்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். கண்ணில் தூசி விழுந்தாலும் டொக்டரிடம் போகாமல் அவளைக் கூப்பிடுவது ஹவுகன்ஸ்டுவாவில் வந்து குடியேறிய தமிழ்ச் சனத்துக்குப் பழகிப்போன விஷயம். இன்றும் ஞாயிறு பின்னேரப் பூசை முடிந்த கையோடு யோசெப்பின் அவளை வீட்டுக்கு இழுத்து வந்திருந்தாள்.

யோசெப்பினின் கணவன் வின்சென்ற் நாற்காலியில் விறைத்துப்போய் இருந்தான். வலது இமை வீங்கிச் சிவந்து, பாதிக் கண்ணை மூடியிருந்தது.

"உள்ளங்கையிலை விரலைத் தேய்ச்சுத் தேய்ச்சுச் சூடு வைச்சவர் அக்கா," என்றாள் யோசெப்பின்.

"கழுவாத விரலையோ? அதுதான் இந்தக் கோலம். சுத்தமான துணியைச் சுடுதண்ணியிலை நனைச்சுப் பிழிஞ்சு, பொறுக்கிற சூட்டிலை பத்து நிமிசம் வையுங்கோ. ஒரு நாளைக்கு நாலு தரம். முகம் துடைக்கிற துவாயையும் புறம்பா வையுங்கோ. ரெண்டு கிழமைக்குள்ளை வத்திப்போம்."

"வத்தாட்டி? பார்வைக்கு ஏதும்..." யோசெப்பின் விம்மி விம்மி அழுதாள். ஒரு கண்கட்டிக்கு இவ்வளவு கண்ணீரா என்று ஞானமலருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"ஒத்தடம் மட்டும் வேண்டாம்," என்றான் வின்சென்ற். "இந்தக் கண்ணை மூடினால் ஒருத்தி தெரியிறா. வெள்ளிக்கிழமை பல்கணிக் கதவடியிலை நிண்டவ. நேற்று மேசையடிக்கு வந்திட்டா."

"ஆர்?"

"முகம் தெரியேல்லை. தலைமயிர் ஈரமாக் கிடக்கு."

ஞானமலருக்கு முதுகு சிலிர்த்தது. பனிக்காலம் என்பதால் நாலு மணிக்கே வெளியே இருட்டிவிட்டிருந்தது. ஆனால் பயத்தை வெளியே காட்டுகிற ஆளா அவள்?

"ஒத்தடம் குடுக்காட்டி இமை முழுக்க மூடிப்போம். பிறகு டொக்டர் கீறித்தான் எடுக்க வேணும்," என்று சொல்லிக்கொண்டே சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்த துணியை அவனுடைய வலது கண்ணில் மெல்ல வைத்தாள். "மற்றக் கண்ணை நல்லாத் திறவுங்கோ. நான் எத்தனை விரல் காட்டுறன்?"

"அக்கா, அது வேண்டாம்..." யோசெப்பின் பதறினாள்.

வின்சென்ற் முகத்தை அவளுடைய தோள் பக்கம் மெல்லத் திருப்பினான். நெற்றியில் வியர்வை அரும்பியது.

"மூண்டு."

"பாத்தியளே! அச்சொட்டாச் சொல்லிப்போட்டியள்."

"அவவும் மூண்டுதான் காட்டுறா அக்கா. உங்கட தோளுக்கு மேலாலை."

ஞானமலர் சட்டென்று திரும்பினாள். சுவரில் ஒரு கறுப்புக் குளிர் ஜக்கெற் தொங்கியது. வேறு ஒன்றும் இல்லை. போன உயிர் திரும்பி வந்த மாதிரி அவள் பெரிதாகச் சிரித்தாள்.

"நித்திரை கெட்டால் ஜக்கெற்றும் பொம்பிளை மாதிரித்தான் தெரியும். ஒரு கண் இவ்வளவு நல்லாத் தெரியிற மனுசனுக்கு என்ன பயம்?"

வழியனுப்ப லிப்ட் வரைக்கும் வந்த யோசெப்பின், வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு ஞானமலரின் கையை இறுகப் பிடித்தாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"முப்பது வருசமா இஞ்சை ஒருத்தருக்கும் நாங்கள் சொல்லேல்லை அக்கா. அவருக்குப் பார்வை இருக்கிறது அந்த வீங்கின கண்ணிலை மட்டும்தான். மற்றக் கண் ஊரிலை சண்டைக்குள்ளை செல்லடி பட்டுப் போயிட்டுது, இப்ப இருக்கிறது கண்ணாடிக் கண்."