இடது கண் மட்டும்

முதல் கவளத்தை வாயில் வைத்ததுமே இடது கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அவன் குனிந்தான். இதற்காகத்தான் இடப்பக்கம் சுவர் இருக்கும்படி பார்த்து உட்கார்ந்திருந்தான்.

பலிக்கவில்லை. தங்கை தமயந்தி குழம்புக் கரண்டியோடு அந்தச் சுவரோரமே வந்து நின்றாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அப்பா பிழைக்க மாட்டார் என்று போனில் தேம்பித் தேம்பி அழுதவன் அவன்தான். அதை நம்பி, காதலித்தவனைக்கூட விட்டுவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். அப்பா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

அவளை அறைக்குள் தள்ளிப் பூட்டியதும் அவன்தான்.

பதினோராம் நாள் குளியலறை ஜன்னல் வழியாகத் தப்பித்துப் போய், காதலித்தவன் கையாலேயே தாலி கட்டிக்கொண்டாள்.

வருகிற ஞாயிறு அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு வேறு கூடப்பிறந்தவன் கிடையாது.

கூப்பிடாமலே அவள் வீட்டுக்குக் கிளம்பி வந்திருந்தான்.

வந்ததிலிருந்து 'அண்ணே' என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சாப்பிடலாம் என்றாள். அவ்வளவுதான்.

நீர் கன்னத்தில் வழிந்தது.

கரண்டி பாத்திரத்துக்கே திரும்பிப் போனது.

"இன்னும் அந்த நடிப்ப விடலியா?"

அவன் மடமடவென்று சொன்னான். போன ஐப்பசியில் இடப்பக்கம் முகவாதம். செத்த நரம்பு திரும்ப வளர்ந்ததாம். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். சேர வேண்டிய இடம் ஏதோ ரசாயனம் கசியவிடுமாம். நரம்பு நுனி அதை மோப்பம் பிடித்துக்கொண்டே போகுமாம். எச்சில் சுரக்கும் இடத்துக்குப் போக வேண்டிய கிளை, கண்ணீர் சுரக்கும் இடத்தின் வாடையைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் ஒட்டிக்கொண்டதாம். டாக்டர் படம் போட்டே காட்டினார்.

"வாயில சோறு பட்டா இந்தக் கண்ணு ஒழுவும். வேற ஒண்ணுமில்ல."

சொல்லும்போதே அவனுக்குத் தெரிந்தது. அன்றைய பொய்கூட இதைவிட நம்பும்படி இருந்தது.

மனசு கேக்கல என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தையைத்தான் அன்றைக்கே போனில் செலவழித்துவிட்டானே.

மெல்லுவதை நிறுத்தினான். கையை உதறிவிட்டு எழப் போனான்.

தமயந்தி குனிந்து அவன் முகத்தையே பார்த்தாள். அந்த டாக்டர் பார்த்த மாதிரி, அவ்வளவு பக்கத்தில்.

இடது கண் மட்டும்தானா என்று கேட்டாள்.

மட்டும்தான் என்றான்.

"அப்ப வலது கண்ணு எதுக்குண்ணே ஒழுவுது?"

புறங்கையால் தொட்டுப் பார்த்தான். ஈரம்.

அந்தக் கண்ணைப் பற்றி டாக்டர் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.